முன்பாதி சாய்கிறது, பின்பாதி சாயவில்லை: உட்துறைமுக வீதியில் பார்த்த இந்த மூன்று சில்லு சைக்கிள் என்ன சாமான்?

உவர்மலை வாசி:

சைக்கிள் விசயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாலு நாளாக மண்டைக்குள் இதுதான் ஓடுது. போன வெள்ளி பின்னேரம் திருகோணமலை உட்துறைமுக வீதியால் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான ஐயா, சாரம் கட்டியபடி, மூன்று சில்லு சைக்கிளில் போனார். முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு இரண்டு, பின்னது இரண்டும் முன்னதைவிடச் சின்னது. பின்பக்கம் கம்பிக்கூடை, அதற்குள் நாலைந்து இளநீர். இதுவரைக்கும் ஒன்றும் புதினமில்லை.

வளைவில் திரும்பினார் பாருங்கள், சைக்கிளின் முன்பாதி மட்டும் சாய்ந்தது. ஐயாவும் அதோடு சேர்ந்து சாய்ந்தார், ஆனால் பின்பாதி தரையோடு தரையாக நேராகவே நின்றது, கூடைக்குள் இருந்த இளநீர் உருளவே இல்லை. நடுவில் ஏதோ முறிந்துவிட்டது, மனுசன் விழப்போகிறார் என்று நினைத்து நான் பிறேக் பிடித்துவிட்டேன். அவர் பாட்டுக்கு நிமிர்ந்து, உழக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பின்னால் வந்த ஓட்டோக்காரரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு மாமாவிடம் கேட்டால், "அது வெள்ளைக்காரன் நேவி விட்டுப்போன சாமான் தம்பி, 42இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் பரசூட்டில் இறக்கினது" என்கிறார். நம்பலாமா? படம் எடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும். அப்படியே நீங்களும் திருமலைப் பக்கம் பார்த்த வித்தியாசமான சைக்கிள்கள் இருந்தால் எழுதுங்கள், எனக்கு இப்போது இதில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது.

சில்லுக்கடைப் பொடியன்:

அண்ணா, மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அது ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்துச் சாமான் இல்லை, ஜப்பான்காரனே செய்த சாமான்!

அப்பாவின் கடைக்கு இப்படி ஒன்று வந்து கழற்றிப் பூட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். ஜப்பானில் வயதானவர்கள் கடைக்குப் போய்வரவென்று செய்கிறார்கள். அங்கே பாவித்துக் கழித்த சைக்கிள்கள் கொள்கலனில் இங்கே வந்து இறங்கும்போது நூற்றில் ஒன்றாக இதுவும் வரும். சீற்றுக்குக் கீழே, முன் பிறேமும் பின் அச்சும் சேருகிற இடத்தில், ஒரு சுழல் மூட்டு இருக்கும். பிறேம் இடம் வலமாகச் சாயும், பின்பகுதி சாயாது. மூட்டுக்குள் இருக்கிற ரப்பரோ சுருளோ உங்களைத் திரும்ப நிமிர்த்திவிடும். சிலதில் ஒரு நெம்பு இருக்கும், அதைப் போட்டால் மூட்டு பூட்டிக்கொள்ளும், அதன்பிறகு சாதாரண மூன்று சில்லுதான். எங்களிடம் வந்ததில் அந்த ரப்பர் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. அதே அளவில் எங்கே தேடுவது? அப்பா லொறி ரியூப்பை வெட்டி மடித்துத் திணித்தார், இன்னும் ஓடுகிறது.

அடுத்தமுறை கண்டால் பிறேமில் ஜப்பான் எழுத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சைக்கிள் வாங்கினால் பொலிஸ் பதிவு செய்து ஒட்டுவார்கள், களவு போனால் கண்டுபிடிக்க. அந்த ஸ்டிக்கரை உரித்து எடுப்பது சரியான கரைச்சல், அதனால் இங்கே யாரும் உரிப்பதில்லை.

பரசூட் கதையும் முழுப் பொய் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பரசூட் படைக்கென்று பிஎஸ்ஏ என்ற இங்கிலாந்துக் கொம்பனி மடிக்கிற சைக்கிள் செய்தது உண்மை. ஆனால் அதற்கு இரண்டே சில்லு, இரண்டும் பெரிய சில்லு. பிறேமின் நடுவில் இரண்டு காது நட்டு இருக்கும், கழற்றினால் சைக்கிள் இரண்டாக மடியும். மாமா சொல்கிறதில் மூன்றாவது சில்லு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கிண்ணியா காக்கா:

தம்பிமாரே, சாயாத மூன்று சில்லு ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய், கடைச் சாமான் கொண்டுபோகலாம் என்று நான் ஒன்று வாங்கினேன். சின்ன வயதிலிருந்து சைக்கிள் ஓடுகிறவன், இதில் என்ன இருக்கிறது என்று ஏறினேன். இருபது யார் போகவில்லை, நேரே கானுக்குள்.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. றோட்டு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும் அல்லவா, மழைத் தண்ணி ஓட. இரண்டு சில்லில் போகும்போது அந்தச் சரிவு தெரியாது, உடம்பு தானாக நேராக நிற்கும். மூன்று சில்லு றோட்டோடு சேர்ந்து சரியும், ஹான்டில் கானை நோக்கியே இழுக்கும். நாமோ பழக்கத்தில் உடம்பைச் சாய்த்து நிமிர்த்தப் பார்க்கிறோம், அது சாயுமா? சாயாது. ஹான்டிலைத்தான் திருப்ப வேண்டும், அது இரண்டு சில்லு ஓடினவனுக்கு இலேசில் வராது. என் பத்து வயது மகள் சைக்கிள் பழகாதவள், ஏறினாள், ஓடினாள், போனாள். எனக்கு மூன்று நாள் எடுத்தது. வேகமாகத் திரும்பினால் உள்பக்கத்துச் சில்லு மேலே தூக்கும், அந்த நேரம் வாயில் கலிமாதான் வரும்.

இன்னொன்று, என்னுடையதில் பின்னுக்கு இரண்டு சில்லு இருந்தாலும் ஒன்றைத்தான் செயின் சுற்றுகிறது, மற்றது சும்மா உருள்கிறது. இழுக்கிற சில்லு மணலில் இறங்கினால் முடிந்தது கதை. அந்த ஐயாவினது சாய்கிற சாதி என்றால் அவர் கொடுத்து வைத்தவர். விற்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நிலாவெளி நிரோ:

நான் கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை, சைக்கிளில் வருகிற வெள்ளைக்காரர்களை நிறையப் பார்ப்பேன். ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக ஏ6 றோட்டால் வருவார்கள், யானை கண்ட கதை ஒன்று எல்லோரிடமும் இருக்கும். போன சீசனில் ஒருவர் வந்தது படுத்துக்கொண்டு ஓட்டுகிற மூன்று சில்லு. அது நீங்கள் பார்த்ததற்கு நேர்மாறு, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. சாய்மனைக் கதிரையில் கிடக்கிற மாதிரி, பெடல் காலுக்கு நேரே முன்னால். உயரம் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பஸ்காரனுக்குத் தெரிய வேண்டுமே என்று பின்னால் நீளத் தடியில் செம்மஞ்சள் கொடி கட்டியிருந்தார். செயினைப் பார்த்து நான் அசந்துவிட்டேன், சாதாரணச் சைக்கிள் செயின் மூன்றைச் சேர்த்து முடிந்தால்தான் அந்த நீளம் வரும்.

ஊர் நாய்களுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. மனிதனைக் கண்டால் குரைக்கும், சைக்கிளைக் கண்டால் துரத்தும், இதைக் கண்டதும் பேசாமல் நின்றுவிட்டன.

நோஞ்சான் வேலை என்று நினைத்தேன், அவர் சொன்ன பிறகு தேடி வாசித்தேன். 1933இல் பாரிசில் பிரான்சிஸ் ஃபோர் என்ற ஓட்டக்காரர் இப்படிச் சாய்ந்து ஓட்டுகிற இரண்டு சில்லுச் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, 1914இலிருந்து நின்ற சாதனையை முறித்திருக்கிறார். அவர் முதல்தர ஓட்டக்காரர்கூட இல்லையாம். காற்று மோதுகிற பரப்புக் குறைவு, அதுதான் சூட்சுமம். சைக்கிள் சங்கத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? அடுத்த வருசமே இது சைக்கிள் இல்லை என்று போட்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். அடப்பாவிகளே.

மட்டிக்களி மதி:

எல்லாம் வாசித்தேன், நல்லாயிருக்கு. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "வித்தியாசமான மூன்று சில்லு" என்று போனைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள், கையால் சுற்றுகிற வண்டியில் வருகிறவர்களைத் தயவு செய்து கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். எங்கள் சித்தப்பா 20 வருசமாக அதில்தான் போய்வருகிறார், யுத்தத்தில் கால் போனது. பெடல் நெஞ்சு உயரத்தில் இருக்கும், கையால் உழக்கிக்கொண்டே அதே கையால் திருப்ப வேண்டும், பிறேக்கும் கையில்தான். மடத்தடிச் சந்தியில் சனநெருக்கத்துக்குள் அவர் திரும்புகிற லாவகத்தைப் பார்க்க வேண்டும். அவரோடு நின்று கதைத்தால் மணிக்கணக்காக அதன் போல்ஸ், புஷ் எல்லாம் சொல்லுவார், படமும் எடுக்க விடுவார். தூரத்தில் நின்று சூம் பண்ணுகிறவனைக் கண்டால் மட்டும் தூசணம் வரும்.

அப்புறம், எல்லோரும் ஜப்பான், பாரிஸ் என்று போகிறீர்கள், வாசலுக்கு வருகிற மீன்காரரின் சைக்கிளை ஒருநாள் வடிவாகப் பாருங்கள். எங்கள் ஒழுங்கைக்கு வருகிறவருடையதை நேற்று நான் நின்று பார்த்தேன். கரியர் கடைக் கரியர் இல்லை, இரும்புக் கம்பியில் வெல்டிங் செய்தது, அதன் கால் இரண்டும் பின் அச்சு வரை இறங்குகிறது. அதற்கு மேல் மரப்பெட்டி, பெட்டிக்குள் ரெஜிபோம் (சூடு ஏறாத வெள்ளை நுரைத்தட்டு), ரெஜிபோமுக்குள் ஐஸ், ஐசுக்குள் சூரை. பெட்டி மூடிதான் மீன் வெட்டுகிற பலகை. தராசு ஹான்டிலில் தொங்குகிறது, கத்தி சொருக பாரில் பழைய ரயரால் ஒரு உறை. ஹோர்ன் ரப்பர் உருண்டை. உப்புத்தண்ணி வடிந்து வடிந்து செயின் முழுக்கத் துரு, அதனால் பெட்டியின் மூலையில் ஒரு ஓட்டை போட்டு, சைக்கிள் ரியூப் துண்டைச் செருகி, தண்ணியைச் சில்லுக்கு வெளியே இறக்கிவிட்டிருக்கிறார். இதை எந்தக் கொம்பனி செய்து தரும்?

கப்பல்துறைப் பேரன்:

நான் இப்போது கனடா, ஆனால் மனம் அங்கேதான். மதி அக்கா எழுதினதை வாசித்ததும் அப்பப்பாவின் றலே சைக்கிள் ஞாபகம் வந்தது. அவர் துறைமுகத்துக் கப்பல் தளத்தில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்போது ஒரு அதிகாரியிடம் அரைவிலைக்கு வாங்கினாராம். கம்பிப் பிறேக், முழுச் செயின் கவர், உழக்கும்போதே பின் சில்லுக்குள் டிக் டிக் டிக் என்று மணிக்கூடு மாதிரி ஒரு சத்தம். பழுதாக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

பழுதில்லை. பின் ஹப்புக்குள், அதாவது சில்லின் நடு உருளைக்குள், மூன்று கியர். ஸ்ரேமி ஆர்ச்சர் கொம்பனி இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் செய்தது. நடுக்கியர் சாதாரண ஓட்டம், மேல்கியரில் சில்லு மூன்றில் ஒரு பங்கு கூடச் சுற்றும், கீழ்க்கியரில் காற்பங்கு குறையும், உவர்மலை ஏற்றத்துக்கு அது போதும். ஊருக்கு வந்தபோது ஹப்பின் மேல் இருந்த துருவை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். முதலில் "ஏடபிள்யூ" என்ற எழுத்து வந்தது, அது அந்த ஹப் வகையின் பெயர், கொஞ்சம் தேய்க்க "54", இன்னும் தேய்க்க "7". 1954 ஆடி மாதம் செய்த ஹப். அப்பாவைவிட இரண்டு வயது இளையது.

பழைய றலே, ஹம்பர் கண்டால் அந்த இடத்தைத் தேய்த்துப் பாருங்கள், பிறந்த திகதி அங்கேயே இருக்கும். ஹப்பில் மூடி போட்ட ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும், மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விடத்தான் அது. எங்களுடையதுக்கு யாரோ ஒரு கடையில் தடித்த கிரீசை அடைத்துவிட்டார்கள், உள்ளே பல்லில் கொளுவுகிற சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டு கியர் விழாமல் போய்விட்டது. அதைத்தான் 15 வருசம் பழுது என்று கோழிக்கூட்டுப் பக்கம் சாத்தி வைத்திருந்தோம்.

சில்லுக்கடைப் பொடியன்:

அண்ணா, அது எங்கள் கடையாக இருக்காது என்று நினைக்கிறேன் 😅 அப்பாவிடம் கேட்டேன், சிரிக்கிறார், பதில் சொல்கிறார் இல்லை.

உவர்மலை வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்! இன்று விடிய கோணேசர் கோவிலுக்குப் போனேன், கோட்டை வாசலுக்குள் மரத்தடியில் அந்தச் சைக்கிள் நிற்கிறது, ஐயா பக்கத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறார். மதி அக்கா சொன்னபடி கேட்டுத்தான் கிட்டப் போனேன். சீற்றுக்குக் கீழே மூட்டு, பக்கத்தில் சிவப்பு நெம்பு, எல்லாம் பொடியன் சொன்ன மாதிரியே. ஐயாவுக்கு முழங்கால் வருத்தமாம், இரண்டு சில்லில் காலூன்றி இறங்க முடியாமல்போக மகன் கொழும்பில் வாங்கி அனுப்பினாராம். நெம்பைப் பூட்டி ஓடினால் கானுக்குள் இழுக்கிறது என்று திறந்துவிட்டுத்தான் ஓடுவாராம், காக்காவுக்கு வந்த அதே வருத்தம். விற்பீர்களா என்று காக்காவுக்காகக் கேட்டேன், என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஜப்பான் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று குனிந்தேன். கூடைக்குள் ஐயா வைத்திருந்த அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்துக்குக் கோட்டை மான் ஒன்று தலையை விட்டுவிட்டது, ஐயா "ஏய் ஏய்" என்று எழும்ப, மான் கொம்பு கம்பிக்கூடையில் மாட்டி, சைக்கிளை நாலடி பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்போதும் பின்பாதி நேராகத்தான் நின்றது, முன்பாதி மட்டும் இரண்டு பக்கமும் ஆடியது. படம் எடுத்தேன். மானின் பின்பக்கம் வடிவாக விழுந்திருக்கிறது, ஸ்டிக்கர் தெரியவில்லை. நாளைக்குத் திரும்பப் போகிறேன்.