தாடை வீங்கிய ஆடு, வெளுத்த கண்: குடற்புழுவோடு பட்டது

புதுக்கோட்டைப் பக்கம், செம்மறி:

கார்த்திகை மழை விட்ட கையோடு எங்கள் பட்டியில் ஒரு பெட்டைக்குத் தாடைக்கு அடியில் தண்ணீர்ப் பை போல வீக்கம். கழிச்சல் இல்லை, மேய்ச்சலிலும் குறைவில்லை. யாருக்கும் புழு என்று தோன்றவில்லை. மறுநாள் காலை செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். நான்காவது இரைப்பையின் உள்சுவர் முழுக்க மெல்லிய புழுக்கள், கொத்துக் கொத்தாக. ஒன்றை எடுத்து விரலில் வைத்தார். ஓர் அங்குலம்கூட இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிக் கிடந்தது. சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப் பை. ஹீமான்கஸ் என்றார். ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் உறிஞ்சுமாம். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போகும். ரத்தத்தில் புரதம் குறையக் குறைய நீர் தாடையில் இறங்கிவிடுகிறது.

அவர் சொன்ன இன்னொன்று: பனி ஈரத்தில் புழுக்குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கும், வெயில் ஏறிய பிறகு பட்டியைத் திறங்கள். ஆடு கத்துகிற கத்தலில் அதுவரை பொறுப்பதுதான் பெரும்பாடு!

ஈரோடு, வெள்ளாடு:

எங்கள் ஆடுகளுக்கு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கேட்கவே இல்லை. மருந்து ஊற்றி இரண்டு வாரம் கழித்துப் புழுக்கையைச் சோதித்தால் முட்டை அப்படியே இருக்கிறது. அப்புறம்தான் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றி, ஃபமாச்சா அட்டையையும் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் உருவானது. கீழ் இமையை இறக்கி, உள்தோலின் நிறத்தை அட்டையில் உள்ள 1 முதல் 5 வரையிலான நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடலாம். 4, 5 என்று வெளுத்திருந்தால் மருந்து கட்டாயம். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே மிஞ்சிப் பெருகும். சிலவற்றை விட்டுவைத்தால், மருந்துக்குச் சாகும் புழுவும் காட்டில் கலந்திருக்கும். ஆனால் இந்த அட்டை ரத்தம் குடிக்கும் புழுவுக்குத்தான் உதவும். மற்ற புழுக்களுக்குக் கண் வெளுக்காது.

தஞ்சாவூர், எருமை:

எங்கள் கன்று இன்னும் புல்லையே வாயில் வைக்கவில்லை, அதற்குள் சாணத்தில் சாண் நீளத்துக்குப் புழு! கழிச்சல் களிமண் நிறம், நாற்றம் தாங்காது. தாயின் உடம்பில் தங்கிக் கிடக்கும் புழுக்குஞ்சுகள் பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடுமாம். இப்போது இரண்டாவது வாரத்திலேயே மருந்து கொடுத்துவிடுகிறோம். நாய்க்குட்டிக்குக் கருவிலேயே தொற்றும் என்கிறார்கள். வீட்டில் குட்டி போட்டிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.