சியா பானம்: 'ஆற்றல் பானம்' வேண்டாம், 'விதைப்பானகம்' போதும்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் சியா விதை ஊறவைத்துக் கலக்கும் பானத்துக்கு என்ன தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், 'இயற்கை ஆற்றல் பானம்' என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. இங்கே மலேசியாவில் கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க் டின்களில் மலாயில் 'மினுமான் தெனாகா' (மினுமான் - பானம், தெனாகா - ஆற்றல்) என்று அச்சிட்டிருப்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது போல இருக்கிறது. மேலும், 'தெனாகா'வை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியலில் 'சக்தி' என்று படிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஆற்றல்' என்கின்றன. எதை எடுத்தாலும் ஒரு பக்கத்தாருக்கு இடறும்.

அதைவிடப் பெரிய தடை பொருளில் இருக்கிறது. டின் பானத்தின் வேகம் காஃபீனால் வருவது; 250 மில்லி டின் ஒன்றில் 80 மில்லிகிராம் வரை இருக்கும். நரம்பைத் தூண்டுகிற அந்த டின் பானத்துக்கு, 'ஊக்கமருந்து' வழியில் 'ஊக்கப்பானம்' என்று பெயரிடலாம். சியாவில் காஃபீன் கிடையாது. நார்ச்சத்தும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. குடித்தவுடன் வரும் தெம்பு பெரும்பாலும் சேர்க்கும் வெல்லத்தால்தான். இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

நான் கலக்கும் முறையைச் சொல்கிறேன், பெயர் அதிலிருந்தே வரும். 400 மில்லி தண்ணீரில் 2 தேக்கரண்டி சியா. ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை கிளறிவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் கட்டிதட்டும். அரை மணி நேரத்தில் சாம்பல் நிற விதை ஒவ்வொன்றையும் கண்ணாடி போன்ற கொழகொழப்பு சூழ்ந்துவிடும்; உள்ளே கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். பிறகு வெல்லம், லீமாவ் கஸ்தூரி என்ற சிறிய எலுமிச்சை வகையின் சாறு, சிட்டிகை உப்பு, தட்டிய சுக்கு. விதையை நீக்கிப் பாருங்கள்: தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவோருக்கு எங்கள் பந்தலில் ஊற்றும் பானகமேதான்! களைப்பாற்றும் பானத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கும்போது ஏன் தேடி அலைய வேண்டும்?

எனவே என் பரிந்துரை 'விதைப்பானகம்'. வகை சுட்ட வேண்டுமானால் 'சியாப் பானகம்', 'சப்ஜாப் பானகம்'.

சியாவை 'வெளிநாட்டுச் சப்ஜா' என்று அழைக்கலாம் எனச் சொன்ன அம்மாவுக்கு ஒரு வார்த்தை. சப்ஜா நம் திருநீற்றுப்பச்சையின் விதை, மலாய்க்காரர்கள் அதைச் செலாசே என்பார்கள். சியா மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கத்துச் செடி. இரண்டும் துளசிக் குடும்பம் என்றாலும் பேரினம் வேறு. பினாங்குக் கடைத்தெருவில் சியா கேட்டு, செலாசேயை வாங்கி வந்து நானே ஏமாந்திருக்கிறேன். கன்னங்கரேலென்று இருந்தது, சில நிமிடங்களிலேயே உப்பிவிட்டது. பெயரிலும் இந்தக் குழப்பத்தை ஏற்ற வேண்டாம். சியா சியாவாகவே இருக்கட்டும்.

மாற்றுக் கருத்துடையவர்கள் இரண்டு சொற்களுக்கு நடுவே வல்லின ஒற்று மிகுமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். 'சியாப் பானகம்' என்பதில் 'ப்' தேவைதானா என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது.