வண்டிச் செலவு பூஜ்யமா? முக்திநாத் சைக்கிள் பயணக் கணக்கு பற்றிய விவாதம்

சக்கரவாகம்:
கடந்த வாரம் சிக்கனயாத்திரை அவர்கள் இங்கே ஒரு பயணத் திட்டத்தை இட்டிருந்தார். சென்னையிலிருந்து ராப்திசாகர் ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி நேபாள எல்லை, பேருந்தில் போக்ரா, ஜீப்பில் முக்திநாத் கோயில், பிறகு காளி கண்டகி ஆற்றோரமாகப் பேனி வரை மலைச் சைக்கிளில் இறக்கம், வந்த வழியே ஊர் திரும்புதல். எல்லாம் சேர்த்துத் தலைக்கு 40,000 ரூபாய் என்று எழுதியிருந்தார். மற்றப் பகுதிகளில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் செலவுப் பட்டியலின் நான்காவது வரியில் ‘வண்டிச் செலவு: 0’ என்று இருக்கிறது. சொந்த வண்டியைக் கொண்டு போவதால் செலவே கிடையாது என்றும், போக்ராவில் வாடகைக்கு எடுப்பவர்கள் பணத்தின் அருமை தெரியாதவர்கள் என்றும் விளக்கம் வேறு. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நான் அதே பாதையில் இருமுறை இறங்கியிருக்கிறேன். முதல் முறை சொந்த வண்டி, இரண்டாம் முறை வாடகை வண்டி. இந்தப் பட்டியலை நம்பி நான்கு பேர் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்: அந்தப் பூஜ்யம் பொய்.

சிக்கனயாத்திரை:
‘பொய்’ என்று எழுதுமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். என் வண்டி என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஓடிய ஹார்ட்டெயில், அதாவது முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வுதாங்கி உள்ள சைக்கிள். அதற்கு நான் யாருக்கும் வாடகை தருவதில்லை. வாடகை இல்லையென்றால் செலவு பூஜ்யம். போக்ராவில் இரு சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிக்கு என்னிடம் நாளொன்றுக்கு 3,200 நேபாள ரூபாய் கேட்டார்கள். நம் நூறு ரூபாய் அங்கே 160 என்பதால், அது நம் பணத்தில் 2,000. ஆறு நாளுக்கு 12,000 ரூபாய். மொத்தச் செலவே நாற்பதாயிரத்துக்குள் முடிய வேண்டிய ஒருவன் அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது. உங்களால் முடியும் என்றால் மகிழ்ச்சி; முடியாதவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லாதீர்கள்.

சக்கரவாகம்:
உங்களை நான் பொய்யர் என்று சொல்லவில்லை, அந்த வரியைச் சொன்னேன். சொந்த வண்டிக்கு வாடகை இல்லை என்பது உண்மை. செலவு இல்லை என்பது உண்மையில்லை. ரயிலில் பார்சல் கட்டணம், அட்டைப் பெட்டியும் கட்டுக் கூலியும், கோரக்பூரில் ஏற்றுக் கூலி, சுனௌலியில் இறக்குக் கூலி, போக்ரா பேருந்தின் கூரைக்கு ஒரு தொகை, முக்திநாத் ஜீப்பின் கூரைக்கு இன்னொரு தொகை, திரும்பும்போது இவை அத்தனையும் மறுபடி. இவற்றில் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் பயணத்தில், எல்லையிலிருந்து புத்வல், தான்சேன் வழியாகப் போக்ரா செல்லும் வளைவுச் சாலையில், பேருந்துக் கூரையில் படுக்கவைத்திருந்த என் வண்டியின் மேல் யாரோ அரிசி மூட்டையை ஏற்றிவிட்டார்கள். இறக்கிப் பார்த்தால் கியர் மாற்றும் டீரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்து, சங்கிலி ஆரக்கம்பிகளை உரசிக்கொண்டிருந்தது. என் வண்டிக்குப் பொருந்தும் ஹேங்கர் போக்ராவில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பட்டறைக்காரர் ஸ்பேனரை வைத்து மெல்ல மெல்ல நிமிர்த்தினார். பத்துக் கியரில் நான்கு மட்டும் விழுந்தன. இரண்டு நாள் அறை வாடகை, சாப்பாடு, பட்டறைக் கூலி, மேலே சொன்ன சுமைக் கூலிகள் எல்லாம் சேர்த்து அந்தப் ‘பூஜ்யம்’ எனக்கு 9,400 ரூபாய் ஆனது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சிக்கனயாத்திரை:
உங்களுக்கு ஹேங்கர் வளைந்தது நீங்கள் வண்டியைக் கட்டிய விதத்தின் குறை. பின் சக்கரத்தைக் கழற்றி, டீரெய்லரையும் கழற்றிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தால் வளைந்திருக்காது. நூறு கிராம்கூட எடையில்லாத உபரி ஹேங்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளாதவர் அடுத்தவர் திட்டத்தைத் திருத்த வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. என் வண்டி போனது, வந்தது, ஒரு கீறல் இல்லை. வண்டிச் செலவு பூஜ்யம்.

உதகைச்சாரல்:
உபரிப் பாகம் பற்றிய பேச்சு வந்ததால் நானும் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரி இறக்கத்தில் குழுவின் ஒரே பம்பைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டவர் இதே சக்கரவாகம் அவர்கள்தான். பஞ்சரான வண்டியை நான் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். தயாரிப்பைப் பற்றி அவர் பாடம் எடுப்பதை என்னால் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

சக்கரவாகம்:
கோத்தகிரிக்கு நான் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதை இங்கே இழுப்பதால் நான்காவது வரி சரியாகிவிடாது.

புதுப்பயணி:
ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நவம்பர் முதல் வாரத்தில் போகலாம் என்றிருக்கிறேன். எனக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை. அனுமதிச் சீட்டு எதுவும் வாங்க வேண்டுமா?

உதகைச்சாரல்:
தம்பி, நேபாளத்துக்கு நமக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டையைக் கொண்டு போங்கள். விமானத்தில் போவதானால் உங்கள் வயதுக்கு ஆதார் அட்டை செல்லாது. முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. அதற்கு அனுமதிச் சீட்டு நம்மையும் சேர்த்து சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. வழியிலுள்ள காக்பேனி கிராமத்துக்கு வடக்கே போகாதீர்கள், அது மேல் முஸ்தாங். அதற்கான தனி அனுமதிக்கு டாலரில் கட்ட வேண்டும், நம் பட்ஜெட் தாங்காது. நவம்பர் நல்ல மாதம், மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்கும்.

சக்கரவாகம்:
அந்த 1,000 நேபாள ரூபாயும் அவர் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

சிக்கனயாத்திரை:
‘இதர செலவுகள்’ என்ற வரியில் இருக்கிறது. படிக்காமல் எழுதுகிறீர்கள்.

சக்கரவாகம்:
இதர செலவுகள் 1,500 ரூபாய். அதில் 625 அனுமதிச் சீட்டுக்குப் போய்விட்டால், தேய்ந்த பிரேக் பேடுக்கு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் துண்டு) என்ன மிச்சம்? உண்மையான இடத்துக்கு இப்போதுதான் வருகிறோம். முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர், பேனி 800 மீட்டர் சொச்சம். ‘முழுவதும் இறக்கம், எந்த வண்டியும் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கம் என்பதால்தான் எந்த வண்டியும் போதாது. நான் ஜீப் சாலையை விட்டு லுப்ரா கிராமத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போனேன். மலைச் சைக்கிள்காரர்கள் அங்கே போவதே அதற்காகத்தான். சரளை உதிரும் சரிவில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். என் பழைய வண்டியில் கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக். பாதி வழியில் இடக்கை லீவர் ஹேண்டில்பாரைத் தொட ஆரம்பித்தது. நிறுத்தி கேபிளை இழுத்து முடுக்கினேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் தொட்டது. குனிந்து பார்த்தால் பேடில் உராய் பரப்பே இல்லை, வெறும் தகடு டிஸ்க்கைக் கீறிக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கியபடியே விறைத்துப்போய், கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. மீதிப் பாதையை நடந்தே இறங்கினேன். அடுத்த முறை அதே பாதையில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள வாடகை வண்டியில் ஒரு விரலால் பிடித்து இறங்கினேன்.

சிக்கனயாத்திரை:
வாடகை வண்டியைப் பற்றி எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. என்னோடு வந்த நண்பர் ஒரு கடையில் எடுத்தார். இறங்கும் வழியிலுள்ள டுக்குச்சே ஊரில் அவருடைய ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் கசிந்து முன் பிரேக் முழுவதும் போயிற்று. அந்த மலையில் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எங்கே போவது? திரும்பி வந்தபோது, அவர்தான் கெடுத்தார் என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். என் கேபிள் பிரேக்குக்கு வேண்டியது ஒரு கம்பியும் ஓர் ஆலன் கீயும் மட்டும். புதுப் பேடுகள் இரண்டு ஜோடி ஊரிலேயே வாங்கி வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போக்ராவின் 800 மீட்டரிலிருந்து ஒரே நாளில் ஜீப்பில் 3,700 மீட்டருக்கு ஏறினால் தலைவலி, வாந்தி என்று மலை நோய் வரும். அதனால் வழியிலுள்ள ஜோம்சோமிலோ காக்பேனியிலோ ஒன்றிரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். நான் இரண்டு இரவு தங்கினேன். வாடகை வண்டி அந்த இரண்டு நாளும் சும்மா நின்று 4,000 ரூபாயைத் தின்னும். என் வண்டி நின்றால் யாருக்கும் நான் காசு தர வேண்டாம். பூஜ்யம் என்று சொன்னது இதைத்தான்.

சக்கரவாகம்:
இரண்டு ஜோடி பேடுகள் ஊரிலேயே வாங்கினீர்களா? எவ்வளவு கொடுத்தீர்கள்? அது எந்த வரியில் இருக்கிறது?

சிக்கனயாத்திரை:
அது பராமரிப்பு. ஊரில் ஓட்டினாலும் வாங்கத்தான் போகிறேன்.

சக்கரவாகம்:
ஊரில் ஆறு மாதம் வரும் பேட் அங்கே ஒரு பிற்பகலில் முடிந்தது. அதைப் பயணச் செலவில் எழுதாமல் வேறு எதில் எழுதுவீர்கள்?

அடியார்க்கடியன்:
இவ்வளவு நேரம் படித்தேன், ஒருவர்கூட முக்திநாதப் பெருமாளைப் பற்றிப் பேசவில்லை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திவ்யதேசமாக நாங்கள் வணங்கும் தலம் அது. 108 தாரைகளின் பனிநீரில் நனைந்து சேவிக்கப் பலர் வாழ்நாள் முழுதும் காசு சேர்க்கிறார்கள். உங்களுக்கு அது சைக்கிள் உருட்டிவிடும் மலை உச்சியாக மட்டும் தெரிவது வருத்தமாக இருக்கிறது.

உதகைச்சாரல்:
ஐயா, நான் 108 தாரையிலும் நனைந்து, சேவித்துவிட்டுத்தான் வண்டியைத் தொட்டேன். சைக்கிளில் வருபவனுக்குப் பக்தி இருக்காது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அடியார்க்கடியன்:
நான் பொதுவாகச் சொன்னேன். குறிப்பிட்டு உங்களைச் சொல்லவில்லை.

சக்கரவாகம்:
கோயிலைப் பற்றி வேறிடத்தில் பேசலாம். சிக்கனயாத்திரை அவர்களே, உங்கள் திட்டத்தில் முக்திநாத்திலிருந்து பேனிக்கு இரண்டே நாள் போட்டிருக்கிறீர்கள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் தௌலகிரி, அன்னபூர்ணா மலைகளுக்கு நடுவே காலை பத்து, பதினொரு மணிக்குமேல் தெற்கிலிருந்து வடக்காக வீசும் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜோம்சோம் விமானங்களைக் காலையிலேயே முடித்துக்கொள்வது அந்தக் காற்றுக்குப் பயந்துதான். தெற்கே இறங்குகிறவருக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். மார்ஃபா கிராமத்துக்கு முன் ஆற்றுப் படுகையில், இறக்கத்தில், நான் சிறிய கியரில் மிதித்தும் வண்டி நின்று நின்று போனது, பல்லெல்லாம் மணல். விடியற்காலையில் கிளம்பி பத்து மணிக்குள் நிறுத்திக்கொள்வதானால் மூன்று நாள் வேண்டும். மூன்றாம் நாள் அறைக்கும் சோற்றுக்கும் பணம் எங்கே?

சிக்கனயாத்திரை:
நான் இரண்டு நாளில் இறங்கினேன். காற்று எனக்கும் அடித்தது. உங்கள் கால்களின் கணக்கை என் பட்டியலில் ஏற்றாதீர்கள். மூன்று நாள் ஆனாலும் சொந்த வண்டிக்கு வாடகை ஏறப் போவதில்லை.

புதுப்பயணி:
ஐயா, என்னிடம் இருப்பது 22,000 ரூபாய்க்கு வாங்கிய ஹார்ட்டெயில், கேபிள் டிஸ்க் பிரேக். கொண்டு போகலாமா, வேண்டாமா?

சிக்கனயாத்திரை:
தாராளமாகக் கொண்டு போங்கள்.

சக்கரவாகம்:
கொண்டு போகாதீர்கள். ஹெல்மெட்டையும் முழங்கால் கவசத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறுங்கள். நல்ல அறையைக் குறையுங்கள், தட்டு தட்டாகத் தால்பாத் (பருப்பும் சோறும்) சாப்பிடுங்கள், விமானத்தை விடுங்கள், பிரேக்கில் மட்டும் காசைக் குறைக்காதீர்கள்.

உதகைச்சாரல்:
ஜீப் சாலையிலேயே இறங்குவதானால் உங்கள் வண்டி போதும் தம்பி. லுப்ராவில் இறங்குவதானால் வாடகை வண்டி எடுங்கள். இவர்கள் இருவரும் எந்தப் பாதை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

சக்கரவாகம்:
முதல் பதிவில் நான் ‘அதே பாதை’ என்றுதான் எழுதினேன்.

சிக்கனயாத்திரை:
நான் சாலையில் இறங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், ‘காளி கண்டகி ஆற்றோரமாக’ என்று திட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன். நான்காவது வரியை மாற்றப் போவதில்லை.

சக்கரவாகம்:
சாலையிலேயே இறங்கியிருந்தாலும் பார்சல் கட்டணம் கட்டினீர்களா, இல்லையா? அந்த ரசீதின் படத்தைப் போடுங்கள். நான் நாளை காலை என் நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.