ஐபோனில் அம்மம்மாவுக்குப் படம் போட்ட பெரிய பட்டன் வைக்க வழி உண்டா?

கொக்குவில் பேத்தி:
அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பழைய அண்ட்ரொய்ட் போனில் ஒரு லோஞ்சர் (முகப்புத் திரையையே மாற்றும் அப்) போட்டு, முதல் திரையில் நாலே நாலு படம் வைத்துக் கொடுத்திருந்தேன்: கனடா மாமா, கிளிநொச்சிச் சின்னம்மா, நான், டொக்டர். மாமாவின் மூக்கில் விரலை வைத்தால் அழைப்புப் போய்விடும். இப்போது மாமா தான் பாவித்த ஐபோன் 11ஐ அனுப்பியிருக்கிறார். அதில் அப்படி ஒரு லோஞ்சரும் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு கடையில் ஜெயில்பிறேக் செய்தால், அதாவது அப்பிள் போட்ட பூட்டுகளை உடைத்தால், சரிவரும் என்கிறார்கள். செய்யலாமா? அம்மம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னோடு கதைக்காமல் இருக்கிறா.

சுன்னாகத்தான்:
வேண்டாம் தங்கச்சி. அண்ட்ரொய்டில் முகப்புத் திரையும் இன்னொரு அப் தான், பிடிக்காவிட்டால் மாற்றலாம். ஐபோனில் அது சிஸ்டத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஐகன்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டு வைக்கவே 2024இல் ஐஓஎஸ் 18 என்ற சிஸ்டப் பதிப்பு வரவேண்டியிருந்தது! ஜெயில்பிறேக் செய்தால் பாதுகாப்பும் சேர்ந்து போகும், வங்கி அப்புகள் சில திறக்கவே மாட்டா. வயதானவரின் போனில் அந்த விளையாட்டு எதற்கு?

இணுவில் அக்கா:
வழி இருக்கிறது. செற்றிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் அசிஸ்டிவ் அக்சஸ். ஐஓஎஸ் 17இல் வந்தது. திரை முழுக்கச் சில பெரிய கட்டங்கள் மட்டும் தெரியும். 'கோல்ஸ்' உள்ளே நீங்கள் தெரிவு செய்த ஆட்கள் மட்டும் படத்தோடு நிற்பார்கள். முதலில் கொன்ராக்ட்ஸில் படங்களைப் போடுங்கள். வெளியே வர, பக்கப் பட்டனை மூன்று தரம் அமத்தி இரகசிய இலக்கம் கொடுக்க வேண்டும். அதை அம்மம்மாவுக்குச் சொல்லாதீர்கள். எங்கள் மாமியாருக்குச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு போதும்.

கொக்குவில் பேத்தி:
செய்து பார்த்தேன், கட்டம் வந்துவிட்டது. ஆனால் வட்ஸ்அப்பைச் சேர்த்தால் உள்ளே பழைய பொடி எழுத்துத்தான். மாமாவோடு அதில்தானே கதைக்கிறவ.

இணுவில் அக்கா:
ஓம், வேறு அப்புகள் பெரும்பாலும் தங்கள் பழைய முகத்தோடுதான் வரும். மாமாவும் ஐபோன் தானே? கோல்ஸிலேயே பேஸ்டைம் (அப்பிளின் வீடியோ அழைப்பு) இருக்கிறது, வீட்டு வைபை போதும். சின்னம்மாவுக்குச் சாதாரண அழைப்பு.

கொக்குவில் பேத்தி:
சரிவந்தது அக்கா! பழைய போன்போல கீழே பெரிய 'பின்னே' பட்டனும் இருப்பதால் கோபம் பாதி குறைந்துவிட்டது. மாமாவின் படத்தைத்தான் மாற்றச் சொல்கிறா. பழைய போனில் இருந்த மீசை வைத்த படம் வேண்டுமாம்.