மேல் முன்பல் முளைக்கவில்லை: 8 வயதுக் குழந்தை

என் மகளுக்கு 8 வயது முடிந்துவிட்டது. மேல் வரிசையில் வலப்பக்க முன்பல் இன்னும் முளைக்கவில்லை. 7, 8 வயதில் வந்துவிட வேண்டிய பல் இது. பால்பல் போன வருஷம் ஆடி மாசமே தானாக விழுந்துவிட்டது. அதே சமயம் விழுந்த இடப்பக்கத்தில் நிரந்தரப் பல் முழுசாக இறங்கிவிட்டது. இதற்குப் பிறகு வரவேண்டிய பக்கத்துப் பல்லும் முந்திக்கொண்டு வந்து, காலி இடத்தை நோக்கிச் சாய்கிறது. அதுதான் பெரிய கவலை.

வலி, வீக்கம் இல்லை. அடிபட்டதும் இல்லை. ஈறு மட்டும் தடித்து, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. கேரட், கரும்பு கடிக்கக் கொடுத்தால் வந்துவிடும் என்றார் மாமியார்; கொடுத்துப் பார்த்தோம். முதலில் பார்த்த பல் மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னார். அப்புறம் திருநெல்வேலியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான், முன்பல் உள்ளே இருப்பதும், அதன் வழியை மறித்துக் கூம்பு வடிவில் ஓர் அதிகப்படிப் பல் நிற்பதும் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து அதை எடுக்க வேண்டுமாம். பிறகு முன்பல் தானாக இறங்கலாம், இல்லையென்றால் சின்னச் சங்கிலி ஒட்டி, கம்பி போட்டு இழுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது இப்படி அதிகப்படிப் பல்லை எடுத்திருந்தால், முன்பல் தானாக இறங்கியதா, இழுக்க வேண்டியிருந்ததா?