மண்டி டேட்டாபேஸை பேட்ச் ஃபைல் போட்டு இரண்டு இடத்திலும் ஒன்றாக வைக்க முடியுமா?

மஞ்சள்மண்டி_ஈரோடு:
வணக்கமுங்க. ஈரோட்டில் எங்களுக்கு மஞ்சள் மண்டி, நசியனூர் பக்கம் குடோன். விரலி, கிழங்கு வரத்து, எடைச்சீட்டு, கமிஷன் பில் எல்லாமே பழைய அக்சஸ் புரோகிராமில் ஓடுகிறது. மொத்த டேட்டாவும் ஒரே எம்டிபி ஃபைல். கடையில் ஒரு காப்பி, குடோனில் ஒரு காப்பி. இரவு எட்டரைக்கு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) ஓடி, எது புதுசோ அதை மற்றதன் மேல் எழுத வேண்டும். பென் டிரைவிலும் ஒன்று விழ வேண்டும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையில், பழைய ஃபைலை விட்டுவிடும் எக்ஸ்ஓ போட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் பென் டிரைவ் காப்பியைத் திறந்தால் சில நாள் 'ரிப்பேர் செய்யவா' என்று கேட்கிறது. எதனாலுங்க?

கோபி_சர்வீஸ்:
ரிப்பேர் கேட்பது சின்ன விஷயம் தம்பி. யாராவது புரோகிராமை மூடாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எம்டிபி திறந்திருக்கும்போது அதே பெயரில் எல்டிபி என்று ஒரு குட்டி ஃபைல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் காப்பி எடுக்காமல் வெளியே வரும்படி, பேட்ச் ஃபைலின் முதல் வரியில் 'இஃப் எக்ஸிஸ்ட்' போடுங்கள். கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால் எல்டிபி அப்படியே தங்கிவிடும். ஒருதடவை திறந்து ஒழுங்காக மூடினால் போய்விடும்.

எனக்குப் பயமெல்லாம் அந்த 'எது புதுசோ அது' மேல்தான். கடையில் பகலெல்லாம் பில் போடுகிறீர்கள், குடோனில் ஐந்து எடைச்சீட்டு ஏற்றுகிறார்கள். கடைசியாக சேவ் ஆனது கடை ஃபைல். இரவில் அது குடோன் ஃபைல் மேல் விழுந்ததும் அந்த ஐந்து சீட்டும் காலி, எரர்கூட வராது. ரோபோகாப்பிக்கு ஃபைலின் தேதியும் அளவும்தான் தெரியும். உள்ளே எந்த விவசாயியின் மூட்டை இருக்கிறது என்று அதற்கு என்ன தெரியும்? இரண்டு இடத்திலும் எழுதுவதானால் டேட்டா ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் குடோனுக்கென்று ஒதுக்கி, அவர்கள் ரிமோட்டில் அதற்குள் வந்து பில் போடட்டும். இன்டர்நெட் வழியாக எம்டிபியை நேரடியாகத் திறக்க மட்டும் விடாதீர்கள், லைன் நடுவில் விட்டால் ஃபைலே கெட்டுப்போகும்.

பல்லடம்_தறி:
எங்கள் தறிப்பட்டறையில் ரோபோகாப்பியில் எம்ஐஆர் போட்டு ஓடுகிறது. அச்சு அசலாக அப்படியே விழும். அதைப் போடலாமே?

கோபி_சர்வீஸ்:
அச்சு அசல் என்பதுதான் சிக்கலுங்க. இங்கே அழித்தது அங்கேயும் அழியும். வைரஸ் வந்து ஃபைலைப் பூட்டினால் பூட்டிய ஃபைலே பேக்கப்பிலும் போய் உட்காரும். திங்கள், செவ்வாய் என்று ஏழு ஃபோல்டர் வைத்து அந்தந்த நாளில் எழுதினால் ஒரு வாரம் பின்னால் போகலாம். கிழமையை பவர்ஷெல்லில் (விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவி) வாங்குங்கள். பேட்ச் ஃபைலின் டேட் விண்டோஸ் ரீஜன் அமைப்பைப் பொறுத்து மாறும்.

இன்னொன்று, ரோபோகாப்பியில் ஆர் (எத்தனை தடவை மறுபடி முயல்வது), டபிள்யூ (நடுவில் எத்தனை வினாடி காத்திருப்பது) இரண்டையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால், காப்பி ஆகாத ஃபைலை ரோபோகாப்பி 30 வினாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயற்சி செய்யும். விடிந்து பார்த்தாலும் அதே ஃபைலில்தான் நின்றுகொண்டிருக்கும். ஆர் 2, டபிள்யூ 5 போதும். வேலை முடிந்ததும் அது தரும் எண்தான் எரர்லெவல்; 1 வந்தால் பதறாதீர்கள், காப்பி ஆனது என்றுதான் அர்த்தம். 8-ம் அதற்கு மேலும்தான் கோளாறு.

மஞ்சள்மண்டி_ஈரோடு:
நன்றி அண்ணா. எல்டிபி சோதனையும் கிழமை ஃபோல்டரும் போட்டாச்சு. குடோன் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "சீசன் முடியற வரைக்கும் எடைச்சீட்டைப் போனிலயே சொல்லச் சொல்லு, நம்ம கடையில ஏத்திக்கலாம்" என்றார். இப்போதைக்கு அப்படியே ஓடட்டும். அந்த ரிமோட்டுக்கு எந்த விண்டோஸ் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

கோபி_சர்வீஸ்:
விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் என்றால் கடைக் கம்ப்யூட்டரில் புரோ வேண்டும், ஹோமில் உள்ளே வர விடாது. குடோன் பக்கம் எதுவானாலும் சரி.