ஜோனஸ் மேக்கஸ் படத்தில் காட்சி ஏன் இப்படித் துள்ளுகிறது?

கேள்வி:
லித்துவேனியாவிலிருந்து அமெரிக்கா போய்ப் படம் எடுத்த இயக்குநர் மேக்கஸின் 'ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஜர்னி டு லித்துவேனியா' (1972) நேற்று பார்த்தேன். 25 ஆண்டுகளுக்கு மேல் கழித்து அம்மாவைப் பார்க்கப் போகிறார். ஆனால் அந்த அம்மாவின் முகத்தில்கூடக் கேமரா நிற்கவில்லை, துள்ளித் துள்ளி ஓடுகிறது. ஏன் இப்படி?

பதில்:
பாதிக் காரணம் கேமராதான். அந்தப் பயணத்துக்கு எடுத்துப்போன போலெக்ஸ் (சாவி கொடுத்து ஓட்டும் சிறிய ஃபிலிம் கேமரா) பழுதாகிவிட்டது. நொடிக்கு 24 சட்டகம் (தனித்தனிப் படம்) என்று வைத்தால் தானாக 32-க்கு ஏறிவிடுமாம். அதனால் வெளிச்சமும் மாறும். சரி, இதையே படத்தின் நடையாக வைத்துக்கொள்வோம் என்று அவர் முடிவு செய்தார். 

நானும் ஒரு பழைய போலெக்ஸை ஓராண்டு வைத்திருந்தேன். முழுக்கச் சாவி கொடுத்தாலும் அரை நிமிடம்கூட ஓடாது. 100 அடிச் சுருள் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். கை தானாகவே சிக்கனமாகிவிடும். கண்ணில் பட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிள்ளி எடுக்க முடியும்.

மீதிக் காரணம் அவர் வாழ்க்கை. 1944-இல் தம்பி அடோல்ஃபஸுடன் ஊரைவிட்டு ஓடியவர், ஜெர்மனியில் எல்ம்ஸ்ஹோர்ன் கட்டாய உழைப்பு முகாமில் சிக்கினார். அப்புறம் அகதி முகாம்கள். 1949-இல் நியூயார்க் வந்த சில வாரங்களிலேயே இருவரும் கடன் வாங்கிக் கேமரா வாங்கினார்கள். அன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுவதுபோல எடுத்துக்கொண்டே இருந்தார். அம்மாவை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு எங்கே நேரம் இருந்தது? வந்த விருந்தாளி திரும்பிப் போயாக வேண்டும். அந்தத் தவிப்பு எனக்கு அந்தத் துள்ளலில் தெரிகிறது.

இன்னொரு பதில்:
எனக்கும் முதலில் கண் வலித்தது. 'லாஸ்ட், லாஸ்ட், லாஸ்ட்' (1976) பாருங்கள். 1949 முதல் 1963 வரை எடுத்த சுருள்களைப் பல ஆண்டு கழித்துத் தொகுத்தது. புரூக்ளினில் லித்துவேனிய அகதிகள் கூடும் தொடக்கப் பகுதிகளில் கேமரா அடக்கமாகத்தான் நிற்கிறது. போகப் போகத்தான் கை விடுபடுகிறது. மூன்று மணி நேரப் படம், இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தாலும் தவறில்லை.

கேட்டவர்:
பழுதான கேமரா என்பது தெரியாமலே பார்த்துவிட்டேன். இன்று அம்மா வெளியே அடுப்பு மூட்டிச் சமைக்கும் இடத்தை மட்டும் மறுபடி போட்டேன். புகை, கை, இடுப்பில் கட்டிய துணி, மறுபடி கை. நேற்று முகம் சரியாகத் தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருந்ததில் இந்தக் கைகளைக் கவனிக்கவே இல்லை.